கறுப்புப் பட்டையும் கபடிப் பனியனும்

பெறுநர்: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கபடிக் கழகங்கள், கிரிக்கெட் குழுக்கள், இளைஞர் நற்பணி மன்றங்கள், அவற்றின் பயிற்சியாளர்கள்.

விளையாட்டு வீரர்கள் அரசியல், சமூகக் கருத்துகளை விளையாட்டுக்குள் கொண்டுவரலாமா என்ற கேள்வி காவிரிப் படுகையின் பெயரால் நேரடியாகவே ஒருமுறை எழுந்தது. எழுந்த இடம் தஞ்சாவூர் அல்ல, சென்னை சேப்பாக்கம். நாள் 2018 ஏப்ரல் 10.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, பிப்ரவரி 16 அன்று, காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு அளித்தது. நடுவர் மன்றம் 2007இல் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியிருந்த 192 டி.எம்.சி. தண்ணீர் 177.25 டி.எம்.சி. ஆனது. குறைந்துபோன 14.75 டி.எம்.சி.யில் 10, தமிழ்நாட்டுப் படுகையில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற கணக்கில் கழிந்தது, 4.75 பெங்களூரின் குடிநீருக்குப் போனது. கிடைத்ததையாவது முறையாகத் திறந்துவிட ஓர் அமைப்பு வேண்டும் என்பதே அப்போதைய கோரிக்கை. செயல்திட்டம் வகுக்க மத்திய அரசுக்கு நீதிமன்றம் ஆறு வாரம் கொடுத்திருந்தது. மார்ச் இறுதியில் கெடு முடிந்தும் காவிரி மேலாண்மை வாரியம் அமையவில்லை. ஏப்ரல் 5 முழு அடைப்பு நடந்தது. ஏப்ரல் 7 அன்று முக்கொம்பிலிருந்து மு.க. ஸ்டாலின் தலைமையில் காவிரி உரிமை மீட்புப் பயணம் புறப்பட்டது. அந்தப் பயணம் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தபோதுதான், இரண்டாண்டுத் தடை முடிந்து சென்னை சூப்பர் கிங்ஸ் தன் சொந்த மைதானத்துக்குத் திரும்பியது.

படுகை காய்கிறபோது கொண்டாட்டம் எதற்கு என்று ஒரு தரப்பு கேட்டது. ஆட்டத்தையே நிறுத்தச் சொன்னது. நிறுத்த முடியாவிட்டால் வீரர்களாவது கறுப்புப் பட்டை அணிந்து ஆடலாம் என்று நடிகர் ரஜினிகாந்த் யோசனை சொன்னார். வீரர்கள் அணியவில்லை. மைதானத்துக்கு வெளியே அண்ணா சாலை மறிக்கப்பட்டது. உள்ளே, எல்லைக்கோட்டருகே நின்ற ரவீந்திர ஜடேஜாவை நோக்கிச் செருப்பு பறந்தது. மறுநாளே சென்னையில் மிச்சமிருந்த ஆறு ஆட்டங்களும் புனேவுக்கு மாற்றப்பட்டன. அந்த ஆண்டுக் கோப்பையையும் சென்னை அணியே வென்றது.

அன்று களத்தில் இறங்கிய 22 பேரையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. சென்னை அணியின் பதினொருவரில் ராஞ்சிக்காரர் உண்டு, சௌராஷ்டிரக்காரர் உண்டு, பஞ்சாபியர் உண்டு. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, டிரினிடாட் ஆட்டக்காரர்களும் உண்டு. தமிழ்நாட்டு வீரர் ஒருவரும் இல்லை. களத்தில் இருந்த தமிழ்நாட்டுக்காரர், எதிரணியான கொல்கத்தாவின் தலைவர் தினேஷ் கார்த்திக். கர்நாடக அணியில் வளர்ந்த வினய் குமாரும் ராபின் உத்தப்பாவும் கொல்கத்தா பக்கம் இருந்தார்கள். கடைசி ஓவரை வீசியவர் வினய் குமார். அதில் சிக்ஸர் அடித்து ஆட்டத்தை முடித்தவர், செருப்புக்குத் தப்பிய அதே ஜடேஜா. காவிரித் தண்ணீருக்கும் ஜாம்நகர்க்காரர் ஜடேஜாவுக்கும் உள்ள தொடர்பை எந்தப் போராட்டக்காரராலும் விளக்கியிருக்க முடியாது. கேமரா அங்கே இருந்தது, ஆகவே செருப்பும் அங்கே போனது.

போராட்டத்தின் கணக்கில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. முக்கொம்பில் நடப்பதை ஒளிபரப்ப வராத வடநாட்டுத் தொலைக்காட்சிகள், சேப்பாக்கத்தில் ஆட்டம் நின்றால் காவிரி என்ற பெயரையாவது சொல்லும். ஒரு நாள் சொல்லவும் செய்தன. ஆனால் பலன் வேறு வழியில்தான் வந்தது. மே 18 அன்று உச்ச நீதிமன்றம் வரைவுத் திட்டத்தை ஏற்றது; ஜூன் 1 அன்று காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்க வேண்டிய மேட்டூர் அணை அந்த ஆண்டு ஜூலை 19 அன்று திறந்தது. அதுவும் கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டி கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பியதால் கிடைத்த தண்ணீர். குறுவைக்குக் காலம் கடந்திருந்தது. ஆறு ஆட்டங்கள் புனே போனதால் ஒரு மதகும் உயரவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கறுப்புப் பட்டை அணியாதது வீரர்களின் குற்றமா? இல்லை. கருத்துச் சொல்லும் உரிமை என்றால் சொல்லாமல் இருக்கும் உரிமையும் அதற்குள் அடக்கம். ஒருவர் தானாக அணியும் பட்டைக்குத்தான் பொருள் உண்டு. கூட்டத்துக்குப் பயந்து அணிந்தால் அது வெறும் துணி. 2003 பிப்ரவரி 10 அன்று ஹராரேயில் உலகக் கோப்பை ஆட்டத்தின்போது ஜிம்பாப்வே வீரர்கள் ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலாங்காவும் கறுப்புப் பட்டை அணிந்தார்கள். தங்கள் நாட்டில் ஜனநாயகம் செத்ததற்குத் துக்கம் காப்பதாக அறிக்கையும் விட்டார்கள். அதோடு இருவரின் ஜிம்பாப்வே ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. ஒலாங்கா நாட்டை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. அவர்களிடம் பட்டை அணியுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. அணியாதீர்கள் என்று சொல்லத்தான் ஆள் இருந்தது. சேப்பாக்கத்தில் கேட்கப்பட்ட பட்டைக்கும் ஹராரேயில் கட்டப்பட்ட பட்டைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

உண்மையில் படுகையின் வலி தெரிந்த விளையாட்டு வீரர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஐ.பி.எல். ஏலத்தில் இல்லை. லால்குடிப் பக்கம் பிறந்த ஓட்டக்காரர் ஆரோக்கிய ராஜீவ், சேப்பாக்கத்தில் செருப்பு விழுந்த அதே 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தொடரோட்டப் பதக்கங்கள் வென்றவர். அவர் ராணுவத்தில் இருப்பவர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில், மன்னார்குடியை அடுத்த வடுவூர்ப் பையன் ஒருவர் ஆடினார். வடுவூர்ப் பக்கம் கபடி பொழுதுபோக்கு மட்டுமல்ல. அரசு வேலைக்கான வழியும் அதுதான். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, காவல்துறை, துணை ராணுவம், வங்கி என்று மற்ற வாசல்களும் உண்டு. மூன்று மா நிலத்தில் குத்தகை வைத்துப் பிழைக்கும் வீட்டில் ஒரு பையன் நன்றாக ரெய்டு போனால், அந்த வீட்டின் கணக்கு முழுவதும் அந்த வேலையை நம்பியே ஓடும்.

வேலை கிடைத்த நாளிலிருந்து வாய்க்குப் பூட்டு. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 ஆனாலும் மத்திய அரசின் 1964 விதிகள் ஆனாலும், அரசின் கொள்கையைப் பொதுவில் விமர்சிப்பதையும் கட்சி அரசியலில் ஈடுபடுவதையும் தடுக்கின்றன. காவல்துறையினருக்கு 1966ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது. ராணுவத்தில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். ஆக, கோடிகளில் ஒப்பந்தம் போட்டு, எந்த வேலைக்கும் காத்திராத கிரிக்கெட் வீரர்களிடம் குரல் கொடுக்கச் சொல்லிச் செருப்பு எறிகிறோம். அப்பன் வயலில் கதிர் கருகுவதைப் பார்த்து வளர்ந்த தடகள வீரர் நிலைத்தகவல் ஒன்று போட்டால்கூட அவருக்கு விளக்கம் கேட்கும் குறிப்பாணை வரலாம். வீரர்கள் பேச வேண்டுமா என்று விவாதிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆளைக் கணக்கில் எடுப்பதில்லை.

விளையாட்டில் அரசியல் கூடாது என்று சொல்லும் அமைப்புகளின் நடைமுறையும் நேராக இல்லை. ஒலிம்பிக் சாசனத்தின் 50ஆவது விதி போட்டி நடக்கும் இடங்களில் அரசியல், மத, இனப் பிரச்சாரத்தைத் தடுக்கிறது. டோக்கியோ போட்டிக்கு முன் 2021 ஜூலையில் அது சற்றுத் தளர்ந்தது: ஆட்டம் தொடங்கும் முன் கருத்தை வெளிப்படுத்தலாம், பதக்க மேடையில் கூடாது. 1968இல் மெக்சிகோவில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கையுறை அணிந்த கையை உயர்த்தியது பதக்க மேடையில்தான். அந்தப் படம் இன்று எல்லோரும் கொண்டாடும் படம். அன்று அவர்கள் அணியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

கிரிக்கெட்டில் கதை இன்னும் சுவாரசியம். 2019 மார்ச் 8 அன்று ராஞ்சியில் இந்திய அணி முழுவதும் ராணுவத் தொப்பி அணிந்து ஆடியது. புல்வாமாவில் இறந்த வீரர்களுக்கு அஞ்சலி, நிதி திரட்டல் என்ற காரணத்துக்காகச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அனுமதித்தது. மூன்று மாதம் கழித்து சவுத்தாம்ப்டனில் தோனியின் கையுறையில் ராணுவத்தின் பாராசூட் சிறப்புப் படைச் சின்னம் இருந்தபோது அதே கவுன்சில் எடுக்கச் சொன்னது. 2023 டிசம்பரில் பெர்த் டெஸ்டுக்கு முன் ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா, எல்லா உயிரும் சமம் என்ற பொருளில் தன் காலணியில் எழுதியிருந்ததற்கு அனுமதி மறுக்கப்பட்டது. கறுப்புப் பட்டை கட்டியதற்குக் கண்டனம் வந்தது. 2025 செப்டம்பரில் துபாயில் பாகிஸ்தானை வென்றபின் வெற்றியை ராணுவத்துக்கு அர்ப்பணித்துப் பேசிய சூர்யகுமார் யாதவுக்கு ஆட்டக் கட்டணத்தில் 30 சதவீதம் அபராதம். இந்த நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், விதி ஒன்றாகவும் தீர்ப்பு வேறு வேறாகவும் இருப்பது தெரியும். தன் நாட்டு அரசோடு ஒத்துப்போகும் கருத்தை உள்நாட்டில் யாரும் அரசியல் என்று சொல்வதில்லை. 2021 பிப்ரவரியில் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்தபோது, பாடகி ரிஹானா ஒரு வரி எழுதியதும் டெண்டுல்கர் தொடங்கி முன்னணி கிரிக்கெட் வீரர்கள் ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே தொனியில், வெளியார் தலையிட வேண்டாம் என்ற பொருளில் பதிவிட்டார்கள். அப்போது விளையாட்டில் அரசியல் கலந்துவிட்டதே என்று இந்தியக் கிரிக்கெட் வாரியம் வருந்தியதாகத் தெரியவில்லை. அதே போராட்டத்தில் விருதைத் திருப்பித் தருவேன் என்று எல்லைக்கே போய்ச் சொன்ன குத்துச்சண்டை வீரர் விஜேந்தர் சிங்கைத்தான் அரசியல்வாதி என்றார்கள். அவர் அதற்கு முன்பே தேர்தலில் நின்றவர் என்பதும் உண்மைதான்.

தமிழ் ரசிகர்களின் தராசும் இதில் சமமாக இல்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அஸ்வினும் விஸ்வநாதன் ஆனந்தும் ஆதரவு சொன்னபோது நாடு முழுவதும் உள்ள தமிழர்கள் மகிழ்ந்தார்கள். அடுத்த மாதமே, சசிகலா சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்வான வேளையில், 234 வேலைவாய்ப்புகள் வரப்போகின்றன என்று அஸ்வின் எழுதியதும் இரு பக்கமும் சர்ச்சை கிளம்பியது. அது அரசியல் அல்ல என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. முத்தையா முரளிதரன் விஷயத்தில் கோபம் இன்னும் கடுமை. இலங்கை மலையகத் தமிழரான அவர் ராஜபக்சேக்கள் பக்கம் நின்றவர். அவர் வாழ்க்கைப் படத்தில் நடிக்கவிருந்த விஜய் சேதுபதி, எதிர்ப்பு வலுத்து, முரளிதரனே கேட்டுக்கொண்ட பின் 2020 அக்டோபரில் விலகினார். முரளிதரனின் அரசியலை ஏற்கத் தேவையில்லை. கண்டிக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் வீரர்கள் வாய் திறக்க வேண்டும் என்று கேட்பவர்கள், திறந்த வாயிலிருந்து பிடிக்காததும் வரும் என்பதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

2013இல் நடந்தது வேறு வகை. ஈழத் தமிழர் பிரச்சினையில் மாநிலமே கொதித்திருந்தபோது, இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக்கூடாது என்று முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்கு எழுதினார், ஐ.பி.எல். நிர்வாகமும் ஒத்துக்கொண்டது. சென்னை அணியிலேயே இருந்த குலசேகராவும் அகில தனஞ்ஜெயவும் சொந்த மைதானத்தில் இறங்க முடியவில்லை. அவர்கள் ஏதோ கருத்துச் சொன்னதால் அல்ல, கடவுச்சீட்டின் நிறத்தால். 1974 டேவிஸ் கோப்பை இறுதியில் நிறவெறி தென்னாப்பிரிக்காவோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியபோது, சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் கோப்பைக்கான வாய்ப்பை இழந்தார்கள். அந்த முடிவு சரி என்றே வரலாறு சொல்கிறது. ஆனால் முடிவெடுத்தது அரசு, விலை கொடுத்தது வீரர்கள்.

வீரர் தன் சங்கத்தின் மீதே புகார் சொல்வதை இந்த விவாதத்திலிருந்து தனியே எடுத்துவிட வேண்டும். 2023இல் வினேஷ் போகாட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா மூவரும் மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த பிரிஜ் பூஷன் சரண் சிங் மீது பாலியல் துன்புறுத்தல் புகார்களை முன்வைத்து ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். 2017இல் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் மண்டையோட்டோடு உட்கார்ந்த அதே நடைபாதை. மே 28 அன்று மல்யுத்த வீரர்கள் இழுத்துச் செல்லப்பட்டதை நாடு பார்த்தது. மே 30 அன்று பதக்கங்களைக் கங்கையில் விட ஹரித்வார் வரை போய், விவசாயத் தலைவர் நரேஷ் திக்காயத் தடுத்ததால் திரும்பினார்கள். மூவரும் அப்போது ரயில்வே ஊழியர்கள். டிசம்பர் 21 அன்று சாக்‌ஷி தன் காலணிகளை மேசைமேல் வைத்துவிட்டு மல்யுத்தத்தை விட்டு விலகினார். இதை அரசியல் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். நாற்று நடும் பெண் கூலி பாக்கியைக் கேட்டால் அரசியல் என்று சொல்வதற்கு ஒப்பான பேச்சு அது. தான் வேலை செய்யும் இடத்தில் நடக்கும் அநீதியைச் சொல்வது தொழிலாளியின் உரிமை. பின்னாளில் வினேஷும் பஜ்ரங்கும் காங்கிரஸில் சேர்ந்ததும், வினேஷ் 2024இல் ஜுலானா தொகுதியில் வென்றதும் அந்தப் புகாரைப் பொய்யாக்கிவிடாது.

இனி ஊர்க் களத்துக்கு வரலாம். சம்பா அறுப்பு முடிந்து, பொங்கல் கழிந்து, வயல் காய்ந்ததும் படுகை எங்கும் மின்னொளிக் கபடித் தொடர் தொடங்குகிறது. நோட்டீசின் மேல்பகுதியில் கட்சித் தலைவர்களின் படம், அல்லது சமுதாயத் தலைவர் ஒருவரின் நினைவுக் கோப்பை என்ற வரி. முதல் பரிசை வழங்குபவர் ஒன்றியச் செயலாளர், இரண்டாம் பரிசு ஒப்பந்ததாரர். பனியனின் முதுகில் நன்கொடையாளர் பெயர், சில ஊர்களில் பனியனின் நிறமே எந்தத் தெரு என்று சொல்லிவிடும். கீழே நடுவர் தீர்ப்பே இறுதியானது என்ற வழக்கமான வரி. இந்த மேடையில் நின்றுகொண்டு விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்று ஒரு பையனிடம் சொல்வது கூச்சமில்லாத செயல். அரசியல் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. வீரர் ஒருவருக்குத்தான் அதில் பேச்சு இல்லை.

பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசுக்கு அறிக்கை கொடுத்தது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியலின மாணவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள் வெட்டப்பட்டதைத் தொடர்ந்து அமைந்த குழு அது. மணிக்கட்டில் கயிறு கூடாது என்றால் முதுகில் பனியனாகவும் கூடாது. ஒருவர் மனமார அணியும் கறுப்புப் பட்டையும், ஊரார் மாட்டிவிடும் சாதி நிறப் பனியனும் ஒரே வகையில் அடங்குபவை அல்ல. முன்னது கருத்து. பின்னது அந்தப் பையன் மேல் வேறு யாரோ ஒட்டிய சீட்டு.

காவிரியைப் பற்றிப் பேச வேண்டிய நாளில் தனி வீரர் ஒருவர் தலையில் அதைச் சுமத்துவதைவிடக் கழகமே பேசுவது முறை. மேட்டூர் திறக்கத் தாமதமானால், தூர்வாரும் பணி கணக்கில் மட்டும் முடிந்திருந்தால், கழகத்தின் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். தொடரின் தொடக்க நாளில் அதை வாசிக்கலாம். கழகத்துக்கு நடத்தை விதியும் இல்லை, குறிப்பாணையும் வராது. அரசு வேலையில் இருக்கும் வீரரும் வேலைக்குக் காத்திருக்கும் வீரரும் அதன் நிழலில் நிற்கலாம். வேண்டாம் என்றால் தள்ளியும் நிற்கலாம்.

அடுத்த தொடருக்கான நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன், நடுவர் தீர்ப்பே இறுதியானது என்ற வரிக்குக் கீழே இரண்டு வரி சேர்க்கும்படி படுகைக் கழகங்களை இம்மடல் கேட்டுக்கொள்கிறது: எந்த வீரரும் கட்சி, சாதிச் சின்னம் அணியக் கட்டாயப்படுத்தப்பட மாட்டார். களத்துக்கு வெளியே சொன்ன கருத்துக்காகவோ சொல்லாத கருத்துக்காகவோ எந்த வீரரும் அணியிலிருந்து நீக்கப்பட மாட்டார்.